நாற்பத்தொன்றில் நின்ற முள்

புருஷன் செத்தால் கருமாதி முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. பிள்ளைச்சாவடியில் அது எல்லோருக்கும் தெரிந்த முறை. சிந்துஜா தாண்டினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சேலையைக் கட்டி, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, காலாப்பட்டிலிருந்து வந்த பேருந்தில் ஏறி, லபோர்த்து வீதியில் சுலோசனாவின் வீட்டு மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

சுலோசனா முன்பு அரசுத் தடயவியல் கூடத்தில் வேலை பார்த்தவர். இப்போது ஆலை விபத்துகளைக் காப்பீட்டு நிறுவனங்களுக்காக விசாரித்துக் கொடுக்கிறார். அவருடைய உதவியாளன் அறிவுமதி முப்பத்தைந்து வயதுக்காரன். கையில் கேமராவும் வாயில் ஒரு முடிவும் எப்போதும் தயாராக வைத்திருப்பான்.

"எங்க ஊட்டுக்காரர் இனியவன். மூலக்குளம் தாண்டி இருக்கிற நொதி ஆலையில ஷிஃப்ட் இஞ்சினியர்" என்றாள் சிந்துஜா. "தொட்டி மேல வச்சு மண்டைய ஒடச்சிட்டாங்க. மூணு அடி. காத்தவராயன் அண்ணன்தான் அடிச்சார்னு அவரைக் காலாப்பட்டு ஜெயில்ல போட்டிருக்காங்க."

"தெரியும். அந்தத் தொட்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டிருக்காங்க. கோப்பு என்கிட்டதான் வந்திருக்கு" என்றார் சுலோசனா. "உங்களுக்கு என்ன வேணும்?"

"நெஜம் வேணும்."

அவள் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். "எம்மூத்தார் அஞ்சாப்புலி போன வாரம் நாலு பேரோட போய், காத்தவராயன் அண்ணனோட தம்பிய வில்லியனூர் ரோட்டுல மடக்கினார். மீன் வெட்டற கத்தியால கைய வெட்டிட்டார். விரல் நாலும் போச்சு. பயந்துகிட்டு அவங்க போலீசுக்குப் போவல. கருமாதி ராத்திரி மூலக்குளத்துல அவங்க ஊட்டையே கொளுத்தப்போறாங்க. உள்ள ரெண்டு கொழந்தைங்க இருக்குது. அந்த மனுஷன்தான் செஞ்சார்னா நான் வாய் தெறக்க மாட்டேன். செய்யலைன்னா, நாந்தான் தடுக்கணும். எனக்கு வேற யாரும் சொல்லமாட்டாங்க."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"ரெண்டு பேரும் அன்னிக்குக் காலையில டீக்கடையில சட்டையப் புடிச்சு அடிச்சுக்கிட்டாங்க. எங்க ஊட்டுக்காரருக்கு ஒதடு கிழிஞ்சிருந்துச்சு. ஆனா அதுக்கு மொத வாரம் எங்க ஊட்டு மோர்க்குழம்ப அந்த அண்ணன்தான் தூக்குல வாங்கிட்டுப் போனார்."

அறிவுமதி முன்னே குனிந்தான். "கடைசியா அவர் உங்ககிட்ட என்ன பேசினாருங்க?"

"மோட்டாரப் பத்திதான். 'வாயால சொல்லிப் பாத்துட்டேன். காத்த மூடிக் காட்டினாத்தான் புரியும்'னார். போலீசுல சொன்னேன். காத்து அனுப்பறது காத்தவராயன்தானே, அவரோட சண்டைக்கு இது ஒரு சாட்சின்னு எழுதிக்கிட்டாங்க."

சுலோசனா கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு அறிவுமதியிடம், "வண்டிய எடு" என்றார்.

*

துணியிலிருந்து கஞ்சியைக் கழுவி எடுக்கும் நொதி அந்த ஆலையில் தயாராகிறது. இரண்டு மாடி உயரத் தொட்டி ஒன்றில் நுண்ணுயிர்கள் வளர்கின்றன. அவை மூச்சுவிட அடியிலிருந்து காற்று குமிழ்களாக ஏறும். காற்று எல்லா இடத்துக்கும் போய்ச் சேர நடுத்தண்டில் பொருத்திய இலைகள் சுழன்று கலக்கும். பெல்ட் வழியாகத் தண்டைச் சுழற்றும் மோட்டார், காற்றுக் குழாயின் வால்வு, மின்னோட்டம் காட்டும் மீட்டர் எல்லாம் தொட்டியின் மேல்தளத்தில்தான் இருந்தன. காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸர் மட்டும் முற்றத்துக்கு அப்பால் தனிக் கொட்டகையில் இருந்தது. அங்கே வேலை பார்த்தவன் காத்தவராயன்.

மேல்தளத்தைப் போலீஸ் கயிறு கட்டி அப்படியே விட்டிருந்தது. இரும்புத் தகடெங்கும் நுரை பொங்கி வழிந்து, கஞ்சி காய்ந்ததுபோல மஞ்சளாக ஏடு கட்டியிருந்தது. மோட்டாருக்குப் பக்கத்தில் அந்த ஏடு கருத்துக் கிடந்தது. அறுந்த பெல்ட் ஒன்று செத்த பாம்பாகச் சுருண்டிருந்தது. அங்கேதான் இனியவன் விழுந்திருந்தான். ஆயுதம் காத்தவராயனின் பைப் ரெஞ்சு. பிடியில் அவன் சுற்றிய சிவப்பு டேப் இருந்ததால் போலீசுக்கு வேலை மிச்சமாயிற்று.

ஆலை மேலாளர் விஜயராகவன் அவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். ஐம்பது வயது, நறுக்கென்று பேசும் மனிதர். அந்தக் கூடத்தின் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தான்களைப் போட்டிருந்தார்.

"சிம்பிள் மேடம். காத்தவராயன் கோவத்துல காத்த அளவுக்கு மேல விட்டிருக்கான். நுரை பொங்கிடுச்சு. அவ்வளவு காத்த அடிச்சா மோட்டார் தாங்குமா? திணறி நின்னுடுச்சு. இனியவன் திட்டியிருக்கான். இவன் ரெஞ்சோட மேல வந்திருக்கான்."

"நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"முன்னாடி ஆபீஸ்ல. எலக்ட்ரீஷியன் ஓடிவந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்."

"இந்த மோட்டாரை யார் வாங்கினது?"

"நான்தான். போன வருஷம் பழசு போச்சு. ஏன்?"

"கோப்புல எழுதணும்" என்றார் சுலோசனா.

மீட்டரில் இரண்டு முட்கள் இருந்தன. கறுப்பு முள் பூஜ்யத்தில் கிடந்தது. சிவப்பு முள், ஓட்டம் எட்டிய உச்சத்திலேயே தங்கிவிடும் வகை. யாராவது கையால் திருப்பினால்தான் இறங்கும். அது நாற்பத்தொன்றில் நின்றது.

எலக்ட்ரீஷியன் அருள்முருகன் படியோரமாக நின்றிருந்தான். வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன இளைஞன். கொலை நடந்தபோது அந்தக் கட்டடத்தில் இருந்தவன் தான் ஒருவனே என்று போலீசிடம் சொன்ன நாளிலிருந்து அவனுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

"சாதாரணமா எவ்வளவு காட்டும் தம்பி?" என்று கேட்டார் சுலோசனா.

"இருபத்திநாலு, இருபத்தஞ்சு மேடம். முப்பத்திரண்டு தாண்டுனா கொஞ்ச நேரத்துல தானா ட்ரிப் ஆயிடும். அன்னிக்குக் கீழ பேனல் ரூம்ல இருந்தேன். ட்ரிப் ஆன சத்தம் கேட்டுச்சு. இனியவன் சார் கூப்புடுவாருன்னு பாத்தேன், கூப்புடல. ஸ்டோருக்குப் போயி டெஸ்டரை எடுத்துக்கிட்டு மேல வந்தா..." அவன் தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான். அது அன்று போட்டிருந்த சட்டை அல்ல. "தூக்கிப் பாத்தேன். தலை என் கையில நிக்கல மேடம்."

"மோட்டாரை எப்படிக் கிளப்புவீங்க?"

"மொதல்ல காத்து, அப்புறம்தான் மோட்டார். இனியவன் சார் ஆர்டர் அது. காத்து இல்லாம சுவிட்சத் தொட்டா கைய ஒடச்சிருவேன்னு சொல்வார். கிருமிக்கு மூச்சு முட்டும்னு சொல்றார்னு நெனச்சிக்கிட்டேன்."

சுலோசனா வால்வுச் சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். சக்கரத்தின் விளிம்பில் ரெஞ்சின் பற்கள் கடித்த புதுத் தழும்புகள் பளபளத்தன. வால்வுத் தண்டில் நீலப் பெயிண்டில் ஒரு கோடு இருந்தது. சக்கரம் அந்தக் கோட்டையும் தாண்டிக் கடைசிவரை திறந்து கிடந்தது.

"இது என்ன கோடு?"

"அதுக்கு மேல தொறக்கக் கூடாது மேடம். கீழ இருக்கிற எல்லாருக்கும் தெரியும். நான்தான் பெயிண்ட் அடிச்சேன்."

அறிவுமதி காய்ந்த நுரையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். சுலோசனா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, பேனாக்கத்தியால் ஏட்டின் ஓரத்தை நெம்பி எடுத்தார். அடியில் இரும்புத் தகட்டில் ரத்தத்துளிகள் தெறித்த வாக்கிலேயே காய்ந்திருந்தன. ஒவ்வொரு துளிக்கும் வால் இருந்தது. ஒன்றுகூடக் கலையவில்லை.

"படம் எடு" என்றார் மெதுவாக.

*

வெளிச்சுவருக்கு எதிரே கன்னியம்மாளின் டீக்கடை. கம்ப்ரஸர் கொட்டகையின் திறந்த பக்கம் அங்கிருந்து நேராகத் தெரிந்தது.

"எத்தினி வாட்டிடா சொல்றது" என்றாள் அவள் அறிவுமதியிடம். "அந்த மிஷினு உஸ்ஸுன்னு சீறிச்சு. ஆவி கக்கிக்கினு. இந்தக் காத்தவராயன் தலைத்துண்டக் கையில சுத்திக்கிட்டு ஒரு சக்கரத்தப் புடிச்சு முறுக்கறான், முறுக்கறான். அது அசையல. நான்கூட 'ஏன்டா, கல்யாணத்தன்னிக்கும் இப்டித்தான் முக்குனியா'ன்னு கத்துனேன். கெட்ட வார்த்தையில திட்டினான்."

"சீறல் எப்ப நின்னுது?"

"தானா அடங்கிப்போச்சு. இவன் இன்னும் சக்கரத்தப் புடிச்சிக்கினே நிக்கறான். பொறவு வந்து ஒரு டீ குடிச்சான். அப்பதான் அந்த எலக்ட்ரிக் புள்ள ரத்தமா ஓடியாந்துச்சு."

"சீறல் தொடங்கினதிலிருந்து அடங்கற வரைக்கும் காத்தவராயன் உங்க கண் முன்னாடியே இருந்தானா?"

"வேற எங்க போவான்? போலீசுல சொன்னேன். சீறல் வேற, கொலை வேறன்னு சொல்லிட்டாங்க."

மறுநாள் சிறையில் காத்தவராயனும் அதையே சொன்னான். திடீரென்று அழுத்தம் ஏறிப் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டது. மிஷினை நிறுத்தினால் தொட்டியில் உள்ளதெல்லாம் செத்துவிடும் என்று, பக்கக்குழாயைத் திறந்து காற்றைக் கழிக்கப் பார்த்தான். அது துருப்பிடித்துக் கிடந்தது.

"உங்க ரெஞ்சு மேல எப்படிப் போச்சு?" என்றான் அறிவுமதி. "காலையில அடிச்சுக்கிட்டவன்கிட்டயா குடுத்தீங்க?"

"கேட்டான், குடுத்தேன்." ஒரு பக்கக் கண் வீங்கி மூடியிருந்தது. உள்ளே யாரோ அடித்திருந்தார்கள். "வால்வு இறுக்கமா இருக்குதுன்னான். சண்ட வேற, வேல வேற. நான் செய்யலன்னு நம்பினா எந்தம்பியாச்சும் என்னப் பாக்க வந்திருப்பான். அவனே வர்ல பாருங்க."

தம்பியின் கையைப் பற்றிச் சொல்லாமலே சுலோசனா எழுந்தார்.

வண்டியில் அறிவுமதி பொங்கினான். "எலக்ட்ரீஷியன்தான் மேடம். கட்டடத்துல அவன் ஒருத்தன்தான். சட்டையில ரத்தம் வேற."

"இருக்கலாம்" என்றார் சுலோசனா. "தொட்டியில தண்ணி நிரப்பச் சொல்லு. அஞ்சாப்புலியையும் வரச் சொல்லணும்."

"அந்த ஆளையா? கத்தியோட வருவான் மேடம்."

"வாசல்ல கான்ஸ்டபிள்ட்ட குடுத்துட்டு வரட்டும்."

*

கருமாதிக்கு முந்தின நாள் முற்பகலில் மேல்தளத்தில் எல்லோரும் கூடினார்கள். தகட்டைக் கழுவி, புதுப் பெல்ட்கள் மாட்டி, அவற்றின்மேல் கம்பிவலைக் கூடு போட்டிருந்தார்கள். தொட்டியில் வெறும் தண்ணீர் இருந்தது. நீலக்கோடு அளவுக்குக் காற்று ஓட, இலைகள் சுழன்றுகொண்டிருந்தன. கறுப்பு முள் இருபத்தைந்தில் நடுங்கியது. போலீஸ் ஆய்வாளர் படியை மறித்து நின்றார். சிந்துஜா கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்தாள். அவளுக்குப் பின்னால் அஞ்சாப்புலி. கடலில் கறுத்த பெரிய உடம்பு. கத்தி இல்லாத கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"மோட்டார் ஏன் நின்னுதுங்கறதுதான் கேள்வி" என்று ஆரம்பித்தார் சுலோசனா. "காத்து அதிகமானதால திணறிச்சுன்னு மேலாளர் சொல்றார். அப்படின்னா காத்தை மூடினா என்ன ஆகணும் சார்?"

"சுமை குறையும். மோட்டார் லேசா ஓடும்" என்றார் விஜயராகவன்.

"தம்பி, நீ?"

"அப்படித்தான் இருக்கணும் மேடம்" என்றான் அருள்முருகன். அவன் கம்பிவலைக் கூட்டின் மேல் கையூன்றி, பெல்ட்டுக்கு நேராக நின்றிருந்தான்.

"பாத்துடுவோம்."

சுலோசனா வால்வுச் சக்கரத்தில் கைவைத்தார். ஆனால் அவர் பார்வை சக்கரத்தில் இல்லை. சக்கரம் ஒரு சுற்றுக்கூட முடியவில்லை. விஜயராகவன் பெல்ட் ஓடும் நேர்க்கோட்டிலிருந்து இரண்டடி விலகி, தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

வால்வு மூடியது. குமிழ்களின் சளசளப்பு அடங்கியது. அடுத்த கணம் மோட்டார் அடிவயிற்றிலிருந்து உறுமியது. பெல்ட்கள் கிறீச்சிட்டு ரப்பர் கருகும் நாற்றம் எழுந்தது. மேல்தளமே அதிர, அருள்முருகன் பதறிக் கையை எடுத்துக்கொண்டு பின்னால் பாய்ந்தான். கறுப்பு முள் முப்பதைத் தாண்டி நாற்பதைத் தாண்டி ஏறி, சிவப்பு முள்ளைத் தொட்டுக்கொண்டு நின்றது. டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் நின்றது. முற்றத்துக்கு அப்பால் கம்ப்ரஸர் சீறத் தொடங்கியது.

சுலோசனா வால்வைத் திறந்தார். சீறல் அடங்கியது.

"புரியல" என்றார் ஆய்வாளர்.

சுலோசனா அஞ்சாப்புலியிடம் திரும்பினார். "அலை தூக்கும்போது போட் மோட்டாரோட இலை நுரையில சுத்தினா என்ன ஆகும்?"

அஞ்சாப்புலி சந்தேகத்தோடு பார்த்தான். "சும்மா கத்திக்கினு சுத்தும். நுரைய எங்க கடிக்கிறது?"

"திரும்ப முழுத் தண்ணியில எறங்கினா?"

"இழுக்கும். எஞ்சின் முக்கும்."

"இங்கயும் அதுதான். காத்து ஓடும்போது ஒவ்வொரு இலைக்குப் பின்னாலயும் ஒரு காத்துப்பை ஒட்டிக்கிட்டுச் சுத்துது. இலை தண்ணியை முழுசாத் தள்ள வேண்டியதில்ல. மோட்டாருக்குப் பாதிக்குப் பக்கமா சுமை குறைஞ்சிடும். இன்னும் அதிகக் காத்து விட்டா இன்னும் குறையும். காத்து நின்னா முழுச் சுமையும் ஒரே நேரத்துல வந்து உட்காரும். இந்த மோட்டாரை வாங்கினவர் காத்து ஓடுற கணக்கை மட்டும் பாத்து வாங்கிட்டார். அதனாலதான் இனியவன் காத்து இல்லாம சுவிட்சத் தொடாதேன்னார். காத்த மூடிக் காட்டினாத்தான் புரியும்னு மனைவிகிட்ட சொன்னதும் இதைத்தான்."

அவர் சிவப்பு முள்ளைச் சுட்டினார். "நாற்பத்தொன்னு. காத்து மூடியிருந்தா மட்டும்தான் அந்த முள் அங்க போகும். இனியவன் ரெஞ்சை வாங்கிட்டு வந்து, இறுகிப்போன வால்வைத் தன் கையாலயே மூடியிருக்கார். யாரும் இல்லாத இடத்துல யாரும் செஞ்சு காட்டமாட்டாங்க. அந்த நேரத்துல கம்ப்ரஸர் சீறிச்சு. மோட்டார் நின்னுது. மூணு அடி விழுந்தது. அதுக்கப்புறம் அடிச்சவர் மூடின வால்வைத் திறந்து வைச்சார், செஞ்சு காட்டின அடையாளமே இருக்கக் கூடாதுன்னு. ஆனா எதுவரைக்கும் திறக்கணும்னு அவருக்குத் தெரியல, கடைசிவரை திறந்துட்டார். நுரை பொங்கி, காஞ்சுபோன ரத்தத்துளிகளை மூடிச்சு. ரத்தத்துக்கு மேலதான் நுரை இருக்கு, அடியில இல்ல."

"அதாவது" என்றான் அறிவுமதி, தாங்க முடியாமல், "கொலை நடந்தது வால்வு மூடினதுக்கும் திறந்ததுக்கும் நடுவுல. சீறல் கேட்டதும் அதே நேரம். அவ்வளவு நேரமும் காத்தவராயன் டீக்கடைக்கு எதிர்ல நின்னு முக்கிக்கிட்டிருந்தான்."

"ஆமா. நீலக்கோட்டைப் போட்டவனே அருள்முருகன். கோடு தாண்டித் திறக்கிற பழக்கம் அவனுக்கு இருக்காது. பெல்ட் அறுந்து வீசும்னும் அவனுக்குத் தெரியல, நேரா நின்னான். காத்தை மூடினா மோட்டார் லேசாகும்னு சொன்னவங்கள்ல ஒருத்தர் மட்டும், மூடறதுக்கு முன்னாடியே ஒதுங்கினார். சார், சட்டைக் கையை மடிச்சுக் காட்டுங்க."

விஜயராகவன் அசையவில்லை. ஆய்வாளர் ஓரடி எடுத்துவைத்தபோதுதான், தூணடியில் கிடந்த இரும்புக் கம்பியை அவர் எடுத்தார். முதல் வீச்சு ஆய்வாளரின் தோளில் விழுந்தது. இரண்டாவது வீச்சுக்கு முன் அஞ்சாப்புலி குறுக்கே பாய்ந்தான். கம்பியைத் தன் முன்கையில் வாங்கிக்கொண்டு, மறுகையால் அவர் கழுத்தைப் பிடித்துக் கைப்பிடிக் கம்பியில் சாய்த்து மடக்கினான். சட்டைப் பொத்தான் தெறித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை பெல்ட்டின் அகலத்தில் ஒரு தடிப்பு, நடுவில் தோலுரிந்து மஞ்சள் பூத்திருந்தது. விஜயராகவனின் முகம் நீலமாகியது. கீழே இரண்டு மாடி ஆழத்தில் சிமெண்டுத் தரை.

"வுடு மாமா" என்றாள் சிந்துஜா.

அஞ்சாப்புலிக்குக் கேட்கவில்லை. அவள் முன்னே வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள். கட்டைவிரல் வரும்வரை அவன் விடவில்லை.

விஜயராகவன் தகட்டில் சரிந்து இருமினார். ஆய்வாளர் விலங்கை மாட்டும்போது அவர் யாரையும் பார்க்காமல் பேசினார். "எத்தன தடவ சொன்னேன், மோட்டார் விஷயத்த முதலாளிகிட்டக் கொண்டுபோகாதன்னு. மூடிட்டான். பெல்ட் அறுந்து என் கையில அடிச்சுது. நான் வலியில துடிக்கறேன். அவன் சிரிக்கறான். 'பாத்தீங்களா சார்'னு சிரிக்கறான்."

சிந்துஜா அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"சிரிச்சிக்கிட்டா இருந்தார்?"

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் எழுந்து, நின்றுபோன மீட்டரைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள்.

*

காத்தவராயன் வெளியே வர மேலும் சில நாள் ஆயிற்று. கருமாதி ராத்திரி மூலக்குளத்தில் எந்த வீடும் எரியவில்லை. காலாப்பட்டு சிறை வாசலில், சாலையோர வேப்பமர நிழலில், சிந்துஜா நின்றிருந்தாள். முன்கையில் மாவுக்கட்டுடன் அஞ்சாப்புலி கொஞ்சம் தள்ளி நின்றான். யாரும் அவனை வரச் சொல்லவில்லை. சுலோசனாவும் அறிவுமதியும் வண்டியிலேயே இருந்தார்கள்.

காத்தவராயன் ஒரு துணிப்பையோடு வந்தான். வீங்கிய கண் திறந்திருந்தது. சிந்துஜாவைப் பார்த்ததும் கும்பிட்டான். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் தேடினான்.

"எந்தம்பி வர்லியாம்மா?"

சென்னைப் பேருந்து ஒன்று இரைச்சலோடு கடந்து போயிற்று.

"ஆஸ்பத்திரியில இருக்கான்" என்றான் அஞ்சாப்புலி. "நான்தான்."

காத்தவராயன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "எந்தக் கை?"

"வலது."

"அவன் பெயிண்டரு" என்றான் காத்தவராயன்.

அஞ்சாப்புலி கட்டில்லாத தன் கையை முன்னால் நீட்டினான். கேட்பதற்கா கொடுப்பதற்கா என்று அவனுக்கே தெரிந்திருக்காது. காத்தவராயன் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்தான், அதைத் தொடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிந்துஜாவிடம், "எந்த வார்டும்மா?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். அவன் சாலையைக் கடந்து பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தான். சிறிது நேரம் கழித்து அவளும் பின்னால் போனாள். அறிவுமதி வண்டியைக் கிளப்பச் சாவியைத் திருகினான், பிறகு நிறுத்திவிட்டான். நீட்டிய கையோடு அஞ்சாப்புலி இன்னும் அந்த நிழலிலேயே நின்றுகொண்டிருந்தான்.